முதல் சத்தத்தில் நிறுத்தினேன்

எனக்கு எழுபது வயது முடிந்துவிட்டது. வளர்த்தது ஐந்து பேரை. மூன்று என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனவை. ஐந்தும் உயிரோடு, கைகால் சுகத்தோடு, ஆளுக்கொரு வேலையில் இருக்கின்றன. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் அந்தக் காலத்தில் ஐந்துக்கு ஐந்தும் தங்கிய வீடுகளை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. இரண்டாம் வகுப்போடு சரி. கோவிந்தம்மா என்று கையெழுத்துப் போடுவேன். கடைப் பலகையில் தமிழ் இருந்தால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன், அதற்குள் கூட வந்தவர்கள் கடையைத் தாண்டிப் போயிருப்பார்கள். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி அனிதா எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் தமிழை ஒரு பாடமாகப் படித்தவள். பேச்சை எழுத்தாக மாற்றுவது அவள் பாடு. விஷயத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இதைச் சொல்லும்படி ஆனதற்குக் காரணம் உண்டு. போன மாதம் எங்கள் வார்டு ஆஸ்பத்திரியில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆஷா பெண்களுக்குப் பயிற்சி நடந்தது. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். அதில் ஒரு பெண், விரலில் மாட்டுகிற கிளிப் ஒன்றைக் காட்டினாள். மாட்டினால் உள்ளே நம்பர் எரிகிறது.

"இனிமே மூச்சு எண்ணவே வாணாம் ஆயா. இதுவே சொல்லிடும்" என்றாள்.

அந்த டப்பாவிலிருந்து ஒரு காகிதம் மடித்தபடியே கீழே விழுந்து கிடந்தது. "அதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"அதை யார் ஆயா படிக்கிறாங்க!" என்று சிரித்தாள்.

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அடங்கிக் கிடந்த பயம் அப்படியே திரும்பி வந்தது. அந்தப் பெண்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் புத்தகமாக அடித்துக் கொடுப்பார்களாம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். காவிரித் தண்ணீர்ச் சண்டை நடந்து சில வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் எங்கள் சந்துகளில், கன்னடம் பேசிக்கொண்டு யார் பையோடு வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. ஊசி போட வருகிற நர்சம்மாக்கள் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். அதனால் அந்தந்தத் தெருவிலேயே ஒரு பெண்ணைப் பிடித்துப் பயிற்சி கொடுத்து, தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நடக்க வைக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். லிங்க் வொர்க்கர் என்று பெயர். ஏழாவது படித்திருக்க வேண்டும் என்பது சட்டம். ரயில்வே லைன் ஓரம் இருந்த எங்கள் சந்துக்கு ஏழாவது படித்த எவளும் வரச் சம்மதிக்கவில்லை. நான் சம்மதித்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

பயிற்சி ஒரு மாதம் நடந்தது. கர்ப்பிணிக்கு எத்தனை ஊசி, குழந்தைக்கு எந்த மாதம் எது, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரை எந்த அளவு, எல்லாம் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தேன். மற்றவர்கள் நோட்டில் எழுதியதை நான் தலையில் எழுதிக்கொண்டேன். அந்த மாதத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் நாகரத்னம்மா. கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழையும் கலந்து பேசுவார். குரலை உயர்த்த மாட்டார். நாம் தப்பாக ஒன்று செய்தால், "சரி, இன்னொரு சலம்" என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். அது சரியாக வரும்வரை இன்னொரு சலம், இன்னொரு சலம் என்று நூறு தடவை சொன்னாலும் முகத்தில் சலிப்பு தெரியாது. அதுதான் எங்களுக்குப் பயம்.

சளி பிடித்த குழந்தைக்கு மூச்சு எண்ணுவதை அவர் சொல்லிக்கொடுத்த விதத்தை மறக்கவே முடியாது. எங்களில் ஒருத்தியைப் பாயில் படுக்க வைப்பார். தன் கைப்பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, கூரை மாதிரி மடித்து, அவள் வயிற்றில் வைப்பார்.

"ஹொட்டெ நோடு, முக நோட பேடா" என்பார். வயிற்றைப் பார், முகத்தைப் பார்க்காதே.

டிக்கெட் மேலே எழும்பினால் ஒன்று. கீழே இறங்குவதை எண்ணக் கூடாது. பிள்ளை அழுதால் எண்ணக் கூடாது. பால் குடித்தால் எண்ணக் கூடாது. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற வேலை கூடவே கூடாது, பிள்ளையின் மூச்சு ஒரே சீராக ஓடாது, முழு நிமிடம் எண்ண வேண்டும்.

எண்ணத் தெரியாதவர்களுக்கு ஒரு மணிச்சரம் கொடுத்தார்கள். முதலில் வெள்ளை மணியாக வரும். ஒரு கட்டத்துக்கு மேல் சிவப்பு ஆரம்பிக்கும். ஒரு மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். நிமிடம் முடியும்போது விரல் வெள்ளையில் நின்றால் சாதாரணச் சளி. சிவப்பைத் தொட்டால் மூச்சு ஓடுகிறது, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரி. நிமிடம் முடிந்ததைச் சொல்ல கையடக்கமாக ஒரு டைமர். முடுக்கிவிட்டால் ஒரு நிமிடத்தில் 'பீப்' என்று கத்தும். கத்தினால் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும், தூங்கும் பிள்ளை எழுந்துவிடும். அதனால் கத்தின உடனே அமுக்குவது என் விரலுக்குப் பழகிப்போனது.

ரெஜிஸ்டர் எழுத எனக்கு வராதே, அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டு நம்பரை எழுதத் தெரியும். அதற்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். பிள்ளை நன்றாக இருந்தால் பச்சைப் பொட்டு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் சிவப்புப் பொட்டு. நாகரத்னம்மா முதல் தடவை பார்த்தபோது வெகு நேரம் பக்கத்தைப் புரட்டினார். "நன்னாக இருக்கு. ஒரு பார்வையிலே தெரியறது" என்றார். மற்ற லிங்க் வொர்க்கர்கள் சிரித்தார்கள். அதிலும் ஃபிலோமினா என்று ஒருத்தி, எட்டாவது படித்தவள், அடுத்த சந்துக்காரி. அவள்தான் எனக்குப் பட்டம் கொடுத்தாள்.

"பொட்டு டாக்டரம்மா வர்றாங்க, வழி விடுங்கடி!"

எனக்கு ரோஷம் அதிகம். அவள் முன்னால் எந்தக் காகிதத்தையும் கையில் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். எதையாவது படித்துச் சொல்லும்படி யாரையும் கேட்பதும் இல்லை. இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று இனிமேல் தெரியும்.

இரண்டு மூன்று வருடம் ஓடியது. என் டைமர் கெட்டுப்போனது. வேறு சிலருடையதும் பழுது. ஒரு டிசம்பர் மாதம், குளிர் நேரம், புது டைமர்கள் வந்தன. வரிசையில் நின்று வாங்கினோம். டப்பாவோடு ஒரு மடித்த காகிதம், முழுக்க இங்கிலீஷ். எனக்குப் பின்னால் ஃபிலோமினா நின்றுகொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் நாகரத்னம்மா உட்கார்ந்திருந்தார். "மேடம், இதுல என்ன இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையெழுத்தைப் போட்டேன். காகிதம் வழுவழுவென்று நன்றாக இருந்தது. மணிச்சரம் சிக்காமல் இருக்க அதைச் சுற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

புது டைமரும் 'பீப்' என்று கத்தியது. கத்தின உடனே அமுக்கினேன். சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த வாரம் மூன்று குழந்தைகளை எண்ணினேன். மூன்றுக்கும் பச்சைப் பொட்டு.

மூன்றாவது, செல்வியின் பிள்ளை சரவணன், ஐந்து மாதம். செல்வி இருபது வயதுப் பெண், தலைப்பிள்ளை. அவள் புருஷன் வண்டி ஓட்ட வெளியூர் போயிருந்தான். காலை எட்டு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு இரண்டு நாளாகச் சளி, லேசாகக் காய்ச்சல். கம்பளிச் சட்டைக்கு மேலேயே பார்த்து எண்ணினேன். சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். குளிர் என்று விட்டுவிட்டேன். மணி வெள்ளையில் நின்றது.

செல்வியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளையிலயே நின்னுடுச்சு, இல்லக்கா? அப்பாடா! அப்ப நான் பொம்மனஹள்ளிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வரட்டா?"

"தாராளமா போ. தாய்ப்பாலை மட்டும் விடாதே" என்றேன்.

அன்றைக்கு எனக்கு அவசரம். பத்து மணிக்கு ஆஸ்பத்திரி ஹாலில் மறுபயிற்சி, முடிவில் பரீட்சை. மேலதிகாரி அம்மா ஒருவர் வருகிறார், ஃபாரம் எழுதத் தெரியாதவர்களை நீக்கப் போகிறார்கள் என்று ஒரு மாதமாகப் பேச்சு. எனக்கு ராத்திரித் தூக்கம் போய் ஒரு மாதம். வேலை போனால் போகட்டும், 'பொட்டு டாக்டரம்மாவைத் துரத்திட்டாங்க' என்று சந்து முழுக்கப் பேசுவார்களே என்று அதுதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் படம் மாதிரி மனதில் பதித்து வைத்திருந்தேன்.

ஹாலில் முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தோம். மேலதிகாரி அம்மா நாற்காலியில். நாகரத்னம்மா ஃபிலோமினாவைப் படுக்க வைத்து, வயிற்றில் பஸ் டிக்கெட்டை வைத்து, புது டைமரை முடுக்கி, மணியைத் தள்ள ஆரம்பித்தார். எனக்கு இது தெரிந்த பாடம். மனதுக்குள் ஃபாரம் ஓடிக்கொண்டிருந்தது.

'பீப்' என்றது. என் கட்டை விரல் தானாக என் தொடையில் அமுங்கியது.

நாகரத்னம்மா நிறுத்தவில்லை. மணியைத் தள்ளிக்கொண்டே இருந்தார். ஏன் நிறுத்தவில்லை, காதில் விழவில்லையா என்று பார்த்தேன். அவர் நிமிரவேயில்லை. டிக் டிக் டிக். அது எவ்வளவு நேரம் போனது என்று சொல்ல முடியாது. கடைசியில் 'பீப் பீப்' என்று இரண்டு தடவை கத்தியது.

"மொதல்ல ஒண்ணு கத்தினது பாதி நிமிஷம். ரெண்டு கத்தினாத்தான் முழு நிமிஷம். எல்லாருக்கும் கொத்தாயித்தா?" என்றார். புரிந்ததா என்று கேட்டார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மூன்று பச்சைப் பொட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

பையில் கையை விட்டு மணிச்சரத்தை எடுத்தேன். மணி தள்ளாமல் எண்ணி எழுதுகிறவளாக இருந்தால் ஒரு நம்பர் எழுதியிருப்பேன், இவ்வளவு குறைச்சலா என்று யாராவது கேட்டிருப்பார்கள். எனக்கு வெள்ளையா சிவப்பா என்பது மட்டும்தான். ஆனால் விரல் எங்கே நின்றது என்பது ஞாபகம் இருந்தது. முதல் பிள்ளைக்கு வெள்ளையில் பாதிகூட வரவில்லை. இரண்டாவதுக்குப் பாதி வந்திருக்கலாம். செல்வி பிள்ளைக்குப் பாதியைத் தாண்டி நன்றாகவே தள்ளி. சரத்தின் தொடக்கத்திலிருந்து அந்த இடம் வரை விரலால் அளந்தேன். அதே அளவை அங்கிருந்து இன்னொரு தடவை அளந்தேன். விரல் போய் நின்ற இடம் சிவப்பு. சிவப்பு தொடங்கி ஒரு சாண் உள்ளே.

அதற்குள் ஃபாரம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேலதிகாரி அம்மா சொன்னார், "பரீட்சை முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாது. போனால் ஆப்சென்ட்."

நான் எழுந்து நின்றேன். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபிலோமினாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், நான் மூணு கொழந்தைக்குத் தப்பா எண்ணிட்டேன். மொதல் சத்தத்துல நிறுத்திட்டேன்."

ஃபிலோமினா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. பரீட்சை முடிஞ்சு சொல்லிக்கலாம், யாருக்குத் தெரியப்போவுது?"

நாகரத்னம்மா என்னிடம் வந்தார். "எஷ்டு தின ஆயித்து?"

எத்தனை நாள் என்று கேட்கிறார். "ஒண்ணு ஆறு நாளு. ஒண்ணு மூணு நாளு. ஒண்ணு இன்னைக்குக் காலையில. அதுதான் மேடம் சிவப்பு."

அவர் என்னைத் திட்டவில்லை. ஹாலைப் பார்த்துத் திரும்பினார். "புது டைமர் வாங்கினவங்க யாரு யாரு? கை தூக்குங்க. எத்தனை சத்தத்துக்கு நிறுத்தினீங்க?" ஏழெட்டு கை எழுந்தது. ஒவ்வொருத்தியும் குனிந்து தன் டைமரைப் பார்த்தாள். நாகரத்னம்மா தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினார்.

"இந்தச் செகண்ட் முள்ளு ஒரு முழுச் சுத்து வரணும். டைமரைத் தொடாதே. மத்த ரெண்டு வீட்டு நம்பரைக் கொடு, அதை நான் பாக்கறேன். ஹோகு. ஓடு."

மேலதிகாரி அம்மா ஏதோ சொன்னார். காதில் வாங்கவில்லை.

செல்வி வீடு பூட்டியிருந்தது. காலையில் நானே போகச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள்.

"செல்வியா? கொழந்தையைத் தூக்கிக்கினு அப்பவே பொம்மனஹள்ளி போயிட்டாளே. பொட்டுக்காரம்மா பாத்துட்டாங்க, ஒண்ணுமில்லையாம்னு சிரிச்சிக்கினு போனா."

"அவங்கம்மா வீடு பொம்மனஹள்ளியில எங்க?"

"எனக்கென்ன தெரியும்? கார்மெண்ட்ஸ் பக்கமாம். அந்தம்மா ஜாக்கெட் தைக்கிறவங்க."

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு போய் ஓசூர் ரோடு பஸ் பிடித்தேன். கன்னடப் பலகை படிக்கத் தெரியாததால் ஒவ்வொரு கண்டக்டராகக் கேட்டு ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் வெளியே ஒன்றும் கண்ணில் படவில்லை. மடியில் மணிச்சரம். முதலிலிருந்து அளப்பேன், மறுபடி அளப்பேன், ஒரு தடவையாவது வெள்ளைக்குள் நின்றுவிடாதா என்று பார்ப்பேன். நிற்கவில்லை. இந்நேரம் பிள்ளை பால் குடிக்குமா, வாந்தி எடுக்குமா, செல்வி பயந்து எங்காவது காட்டியிருப்பாளா? காட்டமாட்டாள். நான்தான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேனே. அவளுடைய பயத்தை நானே பிடுங்கி எடுத்துவிட்டேன்.

பொம்மனஹள்ளியில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கார்மெண்ட்ஸ். வாட்ச்மேன்களைக் கேட்டேன், தண்ணீர்க் குழாயில் நின்ற பெண்களைக் கேட்டேன். ஜாக்கெட் தைக்கிற அம்மா என்றால் தெருவுக்கு நாலு பேரைக் காட்டினார்கள். ஒரு மணி நேரம் போனது. அப்புறம்தான் புத்தி வந்தது. சளி பிடித்த பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து கடைக்கு யாராவது வந்தே தீருவார்கள். மூலைக் கடைகளில் போய், "இன்னைக்குக் கொழந்தைச் சளிக்கு யாராவது ஏதாவது வாங்கினாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தேன். மூன்றாவது கடைக்காரர் சொன்னார்:

"தையக்கார சாந்தாம்மா இப்பத்தான் தைலம் வாங்கினாங்க. பேரன் வந்திருக்கானாம். அதோ, பச்சைக் கதவு."

பச்சைக் கதவைத் தள்ளினேன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் செல்வியின் அம்மா மடியில் பிள்ளை. தைல வாசனை மூக்கில் ஏறியது.

"யாரும்மா நீ? மெதுவா வா. இப்பத்தான் கண்ணசந்தான்."

செல்வி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அக்கா! நீங்க எங்க இங்க?"

"சட்டையைக் கழட்டு" என்றேன்.

"குளிருல எதுக்கும்மா கழட்டணும்? தூங்கற புள்ளைய எழுப்பாதே" என்றார் சாந்தாம்மா.

"பால் குடிச்சானா?"

"மத்தியானத்துலேருந்து வாயைத் தொறக்கல. தூக்கம்தான்" என்றாள் செல்வி.

நானே கழற்றினேன். விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்து எழும்பியது. காலையில் கழற்றியிருந்தால் இது தெரிந்திருக்குமோ என்னவோ. இன்றைக்கு வரை அதற்கு எனக்குப் பதில் தெரியாது. பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்து வயிற்றில் வைத்தேன். அது நிற்கவே மாட்டேன் என்று துள்ளி விழுந்தது. மறுபடி வைத்தேன். வாட்சின் செகண்ட் முள் மேலே வந்ததும் தள்ள ஆரம்பித்தேன். முள் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறத் தொடங்கியது, முக்கால் சுற்றுகூட வரவில்லை, விரல் சிவப்புக்குள் போய்விட்டது. அவசரத்தில் இரண்டு மணியைச் சேர்த்துத் தள்ளிவிட்டேனோ என்று சந்தேகம். நாகரத்னம்மா குரல் காதில் கேட்டது, இன்னொரு சலம். மறுபடி எண்ணினேன். மறுபடியும் சிவப்பு.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே."

செல்வி என்னையே பார்த்தாள். "காலையில வெள்ளையில நின்னுச்சேக்கா. நானே பாத்தேனே."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "அது காலையில. கொழந்தைக்குச் சட்டுனு மாறிப்போவும்."

ஆட்டோ பிடித்துக் குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க நான் அவன் வயிற்றிலேயே கை வைத்திருந்தேன். உள்ளே எடுத்துக்கொண்டு போய் மூக்கில் பிராண வாயு வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்தபோது என் பையைப் பார்த்து, "லிங்க் வொர்க்கரா? நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க. நாளைக்குன்னு விட்டிருந்தா கஷ்டம்" என்றார்.

செல்வி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தேடிக்கினு இவ்ளோ தூரம் வந்தீங்களேக்கா. எங்க சொந்தக்காரங்க வருவாங்களா?" என்று அழுதாள். நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

பிள்ளை ஒன்பது நாள் உள்ளே இருந்தான். ஒன்பது நாளும் போனேன். நான் படி ஏறும்போதெல்லாம், மேலே போனால் கட்டில் காலியாக இருக்குமோ என்று பயம். ஐந்தாம் நாள் அவன் பால் குடிக்கிற சத்தம் கேட்டு வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நடந்ததை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு மறுநாள் வாட்சைத் திருப்பிக் கொடுக்க நாகரத்னம்மாவிடம் போனேன். மற்ற இரண்டு பிள்ளைகளையும் அவர் அன்றைக்கே நடந்து போய் எண்ணியிருந்தார். இரண்டும் வெள்ளை. ஃபிலோமினாவும் மற்றவர்களும் தங்கள் தங்கள் வீடுகளுக்கு மறுபடி அனுப்பப்பட்டிருந்தார்கள். அதில் ஃபிலோமினாவின் சந்தில் ஒரு பெண் குழந்தை சிவப்பு. அவளும் முதல் சத்தத்தில்தான் நிறுத்தியிருக்கிறாள். எட்டாவது படித்தவள். அந்தக் குழந்தையும் பிழைத்தது.

ரெஜிஸ்டரை எடுத்து, செல்வி வீட்டு நம்பருக்குப் பக்கத்திலிருந்த பச்சைப் பொட்டை நகத்தால் கீற ஆரம்பித்தேன்.

"கீள பேடா" என்றார் நாகரத்னம்மா. பிய்க்காதே. "பச்சை அங்கேயே இருக்கட்டும். பக்கத்துல சிவப்பு ஒட்டு."

ஒட்டினேன். கோணலாக உட்கார்ந்தது.

"டப்பாவுல ஒரு பேப்பர் இருந்ததே, எங்கே?"

மணிச்சரத்தைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தேன். மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். மூன்றாவது வரி, 'முதல் சத்தம் அரை நிமிடம், நிறுத்தக் கூடாது.' மூன்றாவது வரியிலேயே இருந்தது. ஒரு வாரமாக என் பையில், என் மணிச்சரத்தைக் கட்டிக்கொண்டு இருந்தது.

"படிச்சுக் காட்டுங்கன்னு ஒரு மாத்து, ஒரே வார்த்தை, கேட்டிருந்தா போதுமே, கோவிந்தம்மா. நான் எதிர்லேதானே உக்காந்திருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் சொல்லலை. கொடுத்தேன், சைன் வாங்கினேன். அடுத்தவங்கன்னு கூப்பிட்டேன்."

அதற்கப்புறம் அவர் இருந்த வரைக்கும், ஒரு மாத்திரை அட்டை வந்தாலும் சரி, ஒரு தராசு வந்தாலும் சரி, கூட வந்த காகிதத்தை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்த பிறகுதான் கொடுப்பார். பரீட்சையில் எனக்கு ஆப்சென்ட் போட்டிருந்தார்கள். நீக்கிவிடுவார்கள் என்று நாலு மாதம் ஒவ்வொரு தபாலுக்கும் பயந்தேன். நாகரத்னம்மா மேலே எழுதி, எனக்கு மட்டும் பேனா இல்லாமல் பரீட்சை வைக்கச் செய்தார். ஒரு குழந்தை, ஒரு வாட்ச், ஒரு மணிச்சரம். தேறினேன். பிறகு பல வருடம் புதிதாக வந்த பெண்களுக்கு மூச்சு எண்ணச் சொல்லிக்கொடுத்தது நான்தான். 'ரெண்டு சத்தம், ரெண்டு சத்தம்' என்று மணிக்கொரு தடவை சொல்வேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று ஒருத்தியிடமும் சொன்னதில்லை.

செல்வியிடமும் சொல்லவில்லை. அவள் எங்கள் சந்து முழுக்க என் பெருமையைத்தான் பாடினாள். அவளால்தான் பூட்டியிருந்த கதவெல்லாம் எனக்குத் திறந்தது. பிள்ளைக்கு ஒரு வயது ஆனபோது முதல் கேக் துண்டு எனக்கு. ஒவ்வொரு பொங்கலுக்கும் புடவை வைத்துக் கொடுப்பாள். வாங்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். வாய் வராது. சரவணன் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வண்டி ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் நிறுத்தி, "பெரியம்மா, ஏறுங்க" என்பான். அவன் படியேறி வந்தால் அவனுக்கு மூச்சு வாங்குகிறதா என்று என் கண் முதலில் அவன் வயிற்றைத்தான் பார்க்கும்.

இந்த இடத்தில் அனிதா பேனாவை வைத்துவிட்டாள்.

"ஆயா, இதையும் எழுதணுமா? புஸ்தகமா அடிச்சு எல்லாருக்கும் கொடுப்பாங்க. செல்வி அத்தை கையில கிடைச்சா? சரவணன் அண்ணன் படிச்சா?"

"படிக்கட்டும்."

"தேடிப் போய்க் காப்பாத்தினதோட நிறுத்திடலாமே. அதுவும் நெஜம்தானே?"

"அது ரெண்டாவது பொட்டு. மொதல் பொட்டு எங்க போச்சு? எழுது."

எழுதினாள். புத்தகம் அடிப்பதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை, இதை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் செல்வி வீட்டுக்குப் போகிறோம். அவள் கேட்டுவிட்டு என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் ஒரு வரியும் மாறாமல் இருக்கிறதா என்று நான் காதால் கேட்டாக வேண்டும்.

அனிதா, எங்கடி மடிச்சு வைக்கிறே? மடிக்காதே. மொதல்லேருந்து படிச்சுக் காட்டு.